பொலி சொல்லாத காலை

சென்ற மாதம் எங்கள் பகுதிச் சுகாதாரப் பணிமனையிலிருந்து இளம் அலுவலர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பேச்சாலும் பழக்கத்தாலும் பிறரினின்று வேறுபட்டிருப்பவர்களை எவ்வாறு பேணுவது என்று அவருக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். அதில் கொடுத்த படிவத்தை என்முன் விரித்து, "உங்க காலத்துல இதெல்லாம் எப்படிங்க எழுதுனீங்க?" என்று கேட்டார். முதற்கட்டத்தில், "அச்செயலுக்குச் சற்று முன் நிகழ்ந்தது என்ன?" என்று அச்சிட்டிருந்தது. தேநீர் கொடுத்து, வேறு எதையோ பேசி அவரை அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அக்காலத்துத் தோட்ட மருத்துவமனைகளில் எங்களிடமிருந்த ஆங்கிலப் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. பெயர், வயது, தோட்டம் ஆகியவற்றுக்குக் கீழே ஒரு கேள்விதான் கனமுள்ளதாக இருந்தது: இவரால் பிறருக்கு ஆபத்து உண்டா? எதிரே, ஆம் என்றோ இல்லை என்றோ எழுத ஒரு விரலகல இடம். அவ்வளவே.

நான் இலங்கை மலையகத்து அட்டன் நகரில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். பண்டிதர் ஒருவரிடம் இலக்கணம் கற்றேன். ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு மருந்து கலக்கக் கற்க வேண்டியதாயிற்று. மூன்றாண்டு, பெரிய தோட்டமொன்றின் மருத்துவமனையில் புண் கழுவினேன், கலவை கலக்கினேன், ஊசி போட்டேன். அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சின்னான் என்பவன் தன்னோடு தானே பேசித் திரிவான். ஒருநாள் கத்தியோடு கணக்கப்பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றுவிட்டான் என்று படிவம் எழுதப்பட்டது. எழுதியவர் என் மேலாளர். மை ஒற்றியவன் நான். படிவத்தோடு தோட்டத் துரையின் கடிதம் சேரும், இரண்டும் பட்டணத்துக் காவல் நிலையத்துக்குப் போகும், நீதிவான் ஒப்பமிடுவார், வண்டி வரும். தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் கைகளைக் கட்டி அவனை உட்கார வைத்தார்கள். பெட்டிகள் சாயாமல் கட்டும் அதே கயிறு. கொழும்புப் பக்கத்திலிருந்த மனநோய் மருத்துவமனைக்குப் போனவன் மீளவில்லை. அவனுடைய தகப்பன் மாதந்தோறும் மருந்தகத்துச் சன்னலில் முகம் வைத்து, "கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்பான். நான் அங்கிருந்து மாற்றலாகிப் போகும்வரை கேட்டான்.

அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தனிப்பொறுப்பு ஏற்றபோது எனக்கு இருபத்தெட்டு வயது. மக்கள் என்னை 'டாக்டரையா' என்றனர். நான் மருத்துவன் அல்லன். பட்டம் பெற்ற மருத்துவர் மாதம் ஒருமுறை வந்து ஏட்டில் ஒப்பமிட்டுப் போவார். எஞ்சிய நாட்களில் என் எழுத்தே தீர்ப்பு. அந்த அதிகாரத்தைப் பற்றிப் பெருமையும் அச்சமும் எனக்குச் சம அளவில் இருந்தன என்று சொன்னால் பொய். அச்சமே மிகுதி.

அச்சத்தின் ஒரு பாதி, தோட்டத்தை நடத்திய பெரியதுரை. தடித்த கழுத்தும் வெளிறிய கண்களும் உடைய வெள்ளைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உத்தியோகத்தரை அழைத்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல், முகம் நம்மை நோக்கும்படி வைப்பார். பின் இழுப்பறையைத் திறந்து புகையிலை எடுப்பார். குழாயில் அடைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். எங்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார். தொழிலாளரிடம் தாம் புத்தகத்தில் படித்த தோட்டத் தமிழில் பேசுவார். ஆனால் உத்தியோகத்தரிடம் திடீரென்று தமிழுக்கு மாறினால் ஒருவனுக்கு வேலை போகப்போகிறது என்பது பொருள். அந்த மாற்றத்துக்காக எங்கள் காதுகள் எப்போதும் விறைத்திருந்தன.

மறுபாதி அங்கம்மா.

முப்பது வயதுப் பெண். தேயிலைக் கொழுந்து எடுப்பவள். தமக்கை காளியம்மாவின் குடும்பத்தோடு தொழிலாளர் வரிசைவீடுகளான மேல் லயத்தில் ஒரே அறையில் இருந்தாள். பேச்சு இல்லை. எவர் முகத்தையும் பாராள். மழையில் நனைந்த தகரத்தை விரலால் தட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள். ஆனால் மலையில் அவளுக்கு நிகர் இல்லை என்றனர். நாள்தோறும் விடியலில், தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் தப்புப் பறை அடித்ததும் இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு அலறுவாள். மனிதத் தொண்டையிலிருந்து வருவதாகத் தோன்றாத அலறல். மூடுபனியில் அது எத்திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். மலை முனி பிடித்திருக்கிறது என்றனர் சிலர். தப்பு நின்று, கூட்டம் மலையேறிவிட்டால் அடங்கிவிடுவாள். மாலைவரை ஒரு சத்தமும் இராது.

நான் மருந்தகத்துள் அவ்வொலியைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். இரண்டு வாரம் உறக்கக் கலவை கொடுத்துப் பார்த்தேன். கூடையோடு வரப்பில் விழுந்தாள், நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு காலை களத்துக்கே சென்று கவனித்தேன். தப்பொலியே காரணம் என்பது தெளிவாயிற்று. உடனே ஒரு துண்டு எழுதினேன். தோட்டத்தில் துண்டு என்றால் ஆணை. 'அங்கம்மா பெரட்டுக்கு வரவேண்டியதில்லை. தப்பு ஓய்ந்தபின் நேராக மலைக்குச் செல்லலாம்.' கங்காணி சுப்பையா அதை வாங்கி மடித்து, "நல்லதுதானுங்க, காதாவது பொழைக்கும்" என்றார். நாற்பது பெண்களை மேய்க்கும் அம்மனிதர் கடுமையானவர், கெட்டவர் அல்லர். மறுநாள் அலறல் இல்லை. ஒரு வாரம் அமைதி. என் கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் நாள் முற்பகலில் சுப்பையா கங்காணியைக் கம்பளியில் தூக்கி வந்தார்கள். வலப்பக்கக் காறையெலும்பு முறிந்திருந்தது. கட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"பித்துப் புடிச்ச கழுதைங்க அந்த அங்கம்மா. நெறையில நின்னுகிட்டு கொழுந்துல கையே வக்கல. அரை மணியா நிக்கிறா. கையப் புடிச்சு தேயில மரத்துல வச்சேன். ஒரே தள்ளு! கானுக்குள்ள போய் விழுந்தேன்."

அவர் விழுந்த வடிகால் ஆளுயர ஆழமுடையது. கல்லில் தலை பட்டிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

நண்பகலில் துரை அழைத்தார். சாட்சிக்கு வந்த பெண்கள் முற்றத்தில் நின்றார்கள். "அவ தள்ளினதா?" என்று கேட்டார். "தள்ளுனாளுங்க தொரை" என்றார்கள். கடிகாரம் மேசைமேல் இருந்தது. என்பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அந்தப் பொம்பளை போகணும். இன்னிக்கிப் பேப்பர் வேணும்."

அங்கேயே, நின்றபடியே எழுதினேன். வினாவுக்கு எதிரே என் பேனா தயங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை. 'ஆம்' என்று எழுதி ஒப்பமிட்டேன். அந்த அலறல் இனி என் காலைகளில் இராது என்ற நிம்மதியும் அப்போது எனக்குள் எழுந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. துரை தாளை இழுப்பறையில் வைத்தார். மறுநாள் பகல் தபாலோடு அது பட்டணம் போகும்.

மருந்தகம் திரும்பினேன். காளியம்மா அங்கேதான் கிடந்தாள். முந்திய மாலை கடுங்காய்ச்சலோடு அவளைச் சேர்த்திருந்தேன். செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. கட்டிலிலிருந்து இறங்க முயன்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவள லொறியில ஏத்தப் போறீங்களாய்யா?"

அவளைத் தூக்கிவிடக் குனிந்தேன்.

"எங்களுக்கே இந்த நாட்டு ஆளுன்னு சொல்லக் கடுதாசி இல்ல. அவள அங்க கொண்டு போட்டா யாரு புள்ளைன்னு யாரு சொல்லுவா? பேரு கேட்டாக்கூடச் சொல்ல மாட்டாளே அய்யா!"

"கங்காணியைக் கொல்லப் பார்த்தாளே, அம்மா" என்றேன்.

"அவ ஏன் தள்ளுறா? பொலி சொன்னாங்களா அவளுக்கு?"

எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். காலையில் கூட்டம் மலையில் நிரை பிடித்து நின்றதும், கங்காணி சைகை காட்ட, எல்லாரும் முதற்கொழுந்தைக் கூடையில் போட்டு 'பொலி, பொலி' என்பார்கள். விளைச்சல் பெருக வேண்டும் என்று மண்ணிடம் கேட்கும் சொல். அதைச் சொல்லாமல் எவரும் கொழுந்தில் கைவைப்பதில்லை. நான் பிறந்த ஊரைச் சுற்றிலும் நாள்தோறும் ஒலித்த சொல். கடைக்காரன் பிள்ளையாகிய எனக்கு அது வெறும் இரைச்சல்.

"நீங்க துண்டு குடுத்ததுலேருந்து அவ பிந்தி வர்றா. அதுக்குள்ள பொலி சொல்லி முடிஞ்சிருது. நான்தான் கங்காணி பாக்காத நேரம் ஓடிப்போயி, அவ கூடையில ஒரு கொழுந்தப் போட்டு மெல்லமாச் சொல்லிட்டு வருவேன். ஒடனே கை வச்சிருவா. இன்னிக்கி நான் இங்க கெடக்கேன்."

"இது வேறு எவருக்கும் தெரியாதா?"

"பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

"பிறகு ஏன் துரையிடம் சொல்லவில்லை?"

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "தொரை கேட்டது தள்ளுனாளான்னுதானுங்களே. தள்ளுனா. சொன்னாங்க."

அவளை மலையில் ஆபத்தானவளாக ஆக்கியது முனியன்று; என் துண்டு. இதைத் துரையிடம் சொன்னால் என் பிழையை நானே எழுதிக் கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் நாளை தபால். மருந்துப் புட்டிகளை வரிசைப்படுத்துவதுபோல் சிறிது நேரம் அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தேன். சன்னலில் சின்னானின் தகப்பன் முகம் இருப்பதாகவே தோன்றியது. மாலைத் தேநீர் வேளைக்கு முன் மறுபடியும் துரையின் பணிமனைக்கு ஏறினேன்.

ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். துரை குழாயை அடைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தமிழில் கேட்டார்.

"உன் தப்பா?"

"என் தவறுதான், துரை."

"பொலி சொன்னா வேலை செய்றது?"

"செய்வாள்."

"நாளைக்கி நான் வர்றது. ஒரு தரம் பாக்கறது. இல்லேன்னா அவளும் போறது. நீயும் போறது."

மறுநாள் காலை மலையில் நின்றதை இன்றும் உடல் மறக்கவில்லை. பனி கூடைகளின் விளிம்பில் சொட்டியது. காளியம்மாவின் காய்ச்சல் இறங்கவில்லை. "நீங்க சொல்லுங்கய்யா, போதும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். பெண்கள் நிரையில் நின்றார்கள். இருபுறமும் மும்மூன்று நிரைகளை வெறுமையாக விட்டு, நடுவில் அங்கம்மா தனியாக நின்றாள். அவளுக்கு மேலே பாதையில் துரையும் அவருடைய நாயும். எதற்கும் என்று, பின்னால் கயிற்றோடு இரண்டு ஆட்கள். அந்தக் கயிற்றை நான் பார்க்காமலிருக்க முயன்றேன். சுப்பையா கங்காணி கையைத் தூளியில் மாட்டியபடி வந்திருந்தார். வரச் சொன்னவர் எவரும் இலர். அவர் சைகை காட்ட வேண்டும். காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டாததால் பெண்களும் வாய் திறக்கவில்லை.

துரை கடிகாரத்தைக் கழற்றினார்.

நான் அங்கம்மாவின் பக்கம் சென்றேன். இரண்டு அடிக்கு மேல் நெருங்கத் துணிவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பொலி" என்றேன். ஓரெழுத்தும் சிதையாத உச்சரிப்பு. அவள் அசையவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னேன். பின்னால் ஒருத்தி அச்சத்திலும் அடக்கமாட்டாமல், "டாக்டரையா கோயில்ல பாடுற மாதிரியில்ல சொல்றாரு" என்றாள். "சும்மா இருடி, அவரு கழுத்துக்கே கயிறு வருது" என்றாள் இன்னொருத்தி. நாய் குரைத்தது. அங்கம்மாவின் மணிக்கட்டு மெல்ல வாயை நோக்கி உயர்ந்தது. ஆட்கள் இருவரும் ஓரடி முன்வைத்தார்கள். அலறப்போகிறாள். அலறினால் எல்லாம் முடிந்தது.

"நாயப் புடிச்சுக்கங்க தொரை" என்றது ஒரு குரல்.

சுப்பையா கங்காணி. துரைக்கு ஆணையிட்ட குரலை அத்தோட்டத்தில் நான் கேட்டது அன்று ஒருமுறைதான். துரை குனிந்து நாயின் கழுத்துப்பட்டையைப் பற்றினார். கங்காணி சரிவில் தடுமாறி இறங்கி, இடக்கையால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, அங்கம்மாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய கூடையில் போட்டார். அவளைத் தொடவில்லை.

"பொலி, தாயி. பொலி... பொலி."

பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி, பின் மலை முழுதும். அந்த ஒலி ஓயுமுன்னரே அங்கம்மாவின் இரு கைகளும் செடியின்மேல் இறங்கியிருந்தன. பிறகு அவள் எங்களில் எவரையும் கவனிக்கவில்லை.

துரை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "வேலை பாரு" என்றார். எனக்கா மற்றவர்களுக்கா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

அன்று கட்டு மாற்றும்போது சுப்பையாவிடம் கேட்டேன், எலும்பை முறித்தவளுக்காக ஏன் வந்தீர் என்று.

"பொலி சொல்லாம நானே ஒரு கொழுந்து கிள்ளமாட்டேனுங்க. இருவது வருசத்துல கிள்ளுனதில்ல. அவள மட்டும் கிள்ளச் சொல்லிக் கையப் புடிச்சிருக்கேன். என்னைய யாராச்சும் அப்படிப் புடிச்சா நானும் தள்ளித்தான் விடுவேன்." பிறகு, "மெல்லக் கட்டுங்கய்யா, என்னமோ விறகு கட்டுற மாதிரி கட்டுறீங்க" என்றார்.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் நான் நிம்மதியாக உறங்கியிருப்பேன். துரை அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லை. அது இழுப்பறையிலேயே இருந்தது, என் ஒப்பத்தோடும் என் 'ஆம்' என்ற சொல்லோடும். பத்தாண்டுக்கு மேலாக, அவர் புகையிலைக்கு இழுப்பறையைத் திறந்தபோதெல்லாம் என் கண் அங்கே போயிற்று. அவரும் அதைக் கண்டார் என்றே நினைக்கிறேன். ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வேலைநிறுத்தத்தின்போது, ஒரு தொற்றுக்காய்ச்சலின்போது, வெறும் தேதி கேட்க அழைத்தபோதுகூட, இன்று எடுப்பார், இன்று தமிழில் பேசுவார் என்று அஞ்சினேன். அந்த அச்சத்தால் அங்கம்மா வேலை செய்யும் மலைப்பக்கம் காலை வேளையில் நான் மறுபடியும் போகவே இல்லை. என் கண்ணில் படாதவரை அவளுக்குத் தீங்கில்லை என்று ஒரு மூடநம்பிக்கை. என் துண்டை நான் மாற்றவும் இல்லை. மாற்றச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.

எங்கள் மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பங்கிட ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தையொட்டித் துரை ஓய்வுபெற்றுக் கப்பலேறப் புறப்பட்டார். கடைசி நாள் என்னை அழைத்தார். கடிகாரத்தைக் கழற்றவில்லை. இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்து நீட்டினார். தமிழில்தான் சொன்னார்.

"நீ எழுதினது. நீ வச்சிக்கோ."

அது இரக்கமா, தண்டனையா, மறதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த மலைக்கு ஏறினேன். அங்கம்மாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். தப்பு ஓய்ந்திருந்தது. பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள். சுப்பையா ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடத்தில் அந்த வாரம் வேறு தோட்டத்திலிருந்து வந்த புதிய கங்காணி ஒருவர் பொறுமையிழந்து நடந்துகொண்டிருந்தார்.

"ஏன் எல்லாம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? மணி என்னாவுது?"

"பொலி சொல்லலீங்களே."

"அதச் சொல்றதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா? சொல்லித் தொலைங்க!"

"அங்கம்மா வரட்டுங்க" என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி. "கத்தாதீங்க. கங்காணி புதுசு, மலை பழசு."

மற்றவர்கள் சிரித்தார்கள். எவரும் கை நீட்டவில்லை. நான் இல்லாத அத்தனை காலைகளிலும் அவர்கள் இப்படித்தான் நின்றிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே பாதை வளைவில், பனிக்குள்ளிருந்து ஒரு கூடை மெல்ல ஏறி வந்தது. எவரையும் பாராமல் அவள் தன் நிரையில் வந்து நின்றாள்.

நாற்பது கூடைகளில் முதற்கொழுந்து விழுந்தது.